மறக்கடித்த பால்

என் மகளுக்குப் பால் மறக்கடித்து மூன்றரை மாதம் ஆகியிருந்த சமயத்தில் என் தங்கை இறந்துபோனாள். எட்டாம் மாதத்திலேயே வயிற்றைக் கீறி எடுத்த அவளுடைய பிள்ளைக்கு அன்றைக்கு வயது ஒரு நாள்.

நாங்கள் இருப்பது பகா பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு தோட்டத்தில். பாதி ரப்பர், மீதி எண்ணெய் எடுக்கும் செம்பனை. அம்மா அங்கேதான் முப்பது வருஷத்துக்கு மேல் மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார். இப்போது மரம் வெட்டுவதும் குலை அறுப்பதும் வெளிநாட்டு ஆட்கள். எட்டோ ஒன்பதோ தமிழ்க் குடும்பங்கள் மட்டும் வரிசை வீடுகளில் மிச்சம். என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். நான் பகாவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தேன். அம்மா எங்களோடு இருந்தார். தங்கை கல்யாணமாகி ரஹாங்கில் வாடகை வீட்டில் இருந்தாள். அவள் வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலை வேலை.

மகளுக்கு ஒன்றே கால் வயதில் பாலை நிறுத்தினேன். வேப்பிலையை அரைத்துத் தடவிக்கொண்டேன். மூன்று நாள் அழுதாள். நான்காம் நாள் அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அது விடுதலையாக இருந்தது. கடையில் நிற்கும்போது சட்டை நனைந்துவிடுமோ என்ற பயம் இல்லை, மத்தியானம் கழிப்பறையில் உட்கார்ந்து பீய்ச்சிக் கொட்ட வேண்டியதில்லை. உடம்பு திரும்பவும் என்னுடையதானது என்று தங்கையிடமே சொல்லிச் சிரித்தேன். அவள் அப்போது நான்கு மாதக் கர்ப்பம்.

அவள் கடைசியாக என்னோடு பேசியது ஒரு திங்கட்கிழமை மத்தியானம். நான் கடையில் இருந்தேன். ஒரு சீனக் கிழவருக்கு லென்ஸ் பொருத்திக்கொண்டே தோளுக்கும் காதுக்கும் இடையில் போனை வைத்துப் பேசினேன்.

"அக்கா, தலை ரொம்ப வலிக்குது. மூஞ்சி எல்லாம் வீங்கிக் கெடக்கு. கண்ணுக்கு முன்னாடி பூச்சி பறக்குற மாதிரி இருக்கு."

"பெனடோல் போட்டியா?"

"போட்டேன். கேக்கல."

"கொஞ்சம் படுத்துத் தூங்குலா. எனக்கும் இப்டித்தான் இருந்துச்சி. நாளைக்கி கிளினிக் நாளுதானே, அப்ப மிஸ்ஸிகிட்ட சொல்லு."

எனக்கு அப்படி இருந்ததே இல்லை. கால் வீங்கியது உண்டு, தலைவலி வந்ததில்லை, பூச்சி பறந்ததும் இல்லை. கிழவர் காத்துக்கொண்டிருந்தார், பேச்சை முடிக்க வேண்டியிருந்தது, அதற்காகச் சொன்ன வார்த்தை. அவள் "சரிக்கா" என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தபோது சமையலறைத் தரையில் வெட்டு வலிப்பு வந்து கிடந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் உடனே பிள்ளையை எடுத்தார்கள். அவளுக்கு நினைவு திரும்பவில்லை. மூளையில் இரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். மறுநாள் போய்விட்டாள்.

அடக்கம் எல்லாம் முடிந்து இருபத்தாறாம் நாள் பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். ஆண் பிள்ளை. என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும்கூட நீளம் இல்லை. தங்கை வீட்டுக்காரர் அவனை ஏந்தத் தெரியாமல் ஏந்திக்கொண்டு வந்து என் வீட்டு வாசலில் நின்றார். என்னை அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"எங்கம்மாவுக்கு முட்டி ஆப்பரேஷன் ஆகி இப்பத்தான் எந்திரிச்சி நடக்குறாங்க. அவங்களால முடியாதுக்கா. கொஞ்ச நாளைக்கி மட்டும்."

அவருடைய அம்மா கெமாஸில் இருந்தார். "தாங்க தம்பி" என்று கையை நீட்டினேன். என் அம்மா உள்ளே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா அந்தப் பிள்ளையைத் தொடவில்லை. ஒரு நாளும் தொடவில்லை. அவன் அழுதால் வெளியே போய்த் துணி துவைப்பார். துவைத்த துணியையே திரும்பத் துவைப்பார். ஒருமுறை என் வீட்டுக்காரரிடம், "அவ மூஞ்சியவே அவ எடுத்துக்கிட்டுப் போகல, இதுகிட்ட விட்டுட்டுப் போயிட்டா, நான் எப்டிப் பாக்குறது" என்றாராம்.

டின் பால்தான் கொடுத்தோம். ஆஸ்பத்திரியில் சொன்ன அளவு, கொதித்து ஆறிய தண்ணீர், எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். பிள்ளைக்கு ஆறு வாரம் இருக்கும்போது பேம்பர்சில் சிவப்பாக நூல் நூலாக இருந்தது. முதல் நாள் ஏதோ மருந்து நிறம் என்று நினைத்தேன். மறுநாள் இரத்தம் என்று தெளிவாகத் தெரிந்தது. இந்த முறை நான் யாரையும் தூங்கச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் லோரியைப் பாதிக் குலை ஏற்றியதோடு விட்டுவிட்டு வந்து எங்கள் காரை எடுத்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள்.

மாட்டுப் பால் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, குடல் புண்ணாகியிருக்கிறது என்றார் டாக்டர். வேறு ஒரு பால் மாவு எழுதிக் கொடுத்தார். அது கசப்பு. பாட்டிலில் கொடுத்தால் இரண்டு வாய் குடிப்பான், பிறகு எல்லாவற்றையும் கக்கிவிடுவான். எடை ஏறவில்லை, இறங்கியது. தோல் தொடையில் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. டாக்டர் ஊசி வழியாகச் சத்துநீரும் மூக்குக் குழாய் வழியாகப் பாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்.

அந்த வார்டில் நர்ஸாக ஒரு மலாய் மிஸ்ஸி இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். என் மகளை அம்மா கூட்டிக்கொண்டு வந்து கதவுக்கு வெளியே நின்றதைப் பார்த்துவிட்டு, "அது உன் பிள்ளையா? எத்தனை வயது? பால் எப்போது நிறுத்தினாய்?" என்று மலாயில் கேட்டார். சொன்னேன்.

"ஐந்து மாதம்தானே. திரும்ப வரவைக்கலாம்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தாய்ப்பால் எங்கிருந்தாவது வாங்க முடியாதா என்று ஏற்கெனவே கேட்டிருந்தேன். அதற்கும் அவர்தான் விளக்கம் சொன்னார். அவர்கள் மதத்தில் பால் கொடுத்தால் பிள்ளை சொந்தமாகிவிடும், பிற்காலத்தில் யார் யாரைக் கல்யாணம் செய்யலாம் செய்யக் கூடாது என்பதுவரை மாறிவிடும், அதனால் யாரும் யாருக்கும் சும்மா கொடுத்துவிட மாட்டார்கள் என்றார்.

"நீ அவனுக்குப் பெரியம்மா. உனக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் சுலபம் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. வராவிட்டாலும் வைக்க வேண்டும். வந்தாலும் முழுசாக வராமல் போகலாம். இந்த மாவையும் நிறுத்தக் கூடாது."

டாக்டரும் சரி என்றார். சுரப்புக்கு மாத்திரை கொடுத்தார். மிஸ்ஸி ஒரு மெல்லிய குழாயை என் மார்பில் பிளாஸ்டர் போட்டு ஒட்டினார். அதன் மறுமுனை அந்தக் கசப்புப் பால் இருந்த கோப்பையில் கிடந்தது. பிள்ளை என் மார்பைச் சப்பினால் குழாய் வழியாகப் பால் வரும். மார்பில்தான் பால் இருக்கிறது என்று அவன் நம்புவான், அவன் சப்பச் சப்ப என் உடம்பும் நம்பத் தொடங்கும், அதுதான் வழி. மெதுவாகப் போனதால் அவன் கக்குவது குறைந்தது. அன்றைக்கு அந்த ஒன்றுக்கே நான் மிஸ்ஸியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஒன்பது நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். கடை முதலாளி தௌக்கேயிடம் ஒரு மாதம் லீவு கேட்டேன். அந்த அம்மாள் கொடுத்தார். பிறகு அந்த வேலைக்கு நான் திரும்பவே இல்லை.

அடுத்து வந்த நாட்களைப் பற்றி எனக்குக் கோர்வையாக நினைவில்லை. குழாயை ஒட்டுவது, உரிப்பது, கழுவுவது, கொதிக்கவைப்பது. பிளாஸ்டர் உரித்து உரித்து மார்பில் தோல் சிவந்து பொத்துப்போனது. காம்பு வெடித்து இரத்தம் வந்தது. அவன் முடித்ததும் கையால் பீய்ச்ச வேண்டும், ஒன்றும் வராது, இருந்தாலும் பீய்ச்ச வேண்டும். வறண்ட தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். என் வீட்டுக்காரர் ஒருநாள் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"போதும் விடு. பாட்டில்ல மெதுவாக் குடுத்துப் பாக்கலாம். நீ பாக்க ஆளே மாறிப் போயிட்ட."

"இன்னும் ரெண்டு நாளு."

"நேத்தும் அதான் சொன்ன."

அவர் கெட்டவர் இல்லை. காலையில் அரிசி ஊறப் போட்டு, மகளைக் குளிப்பாட்டி, பிறகுதான் லோரிக்குப் போவார். ஆனால் அவருக்கு விளங்காதது ஒன்று இருந்தது. அந்தத் திங்கட்கிழமை போன் வந்ததை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

பெரிய பிள்ளையையும் சப்ப விட்டால் சீக்கிரம் சுரக்கும் என்று மிஸ்ஸி சொல்லி அனுப்பியிருந்தார். அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஏழெட்டு நாள் ஒன்றும் வராத பிறகு, ஒரு காலையில் மகளைக் கூப்பிட்டேன். அவள் அதுவரை அறைக்கு வெளியே நின்றுதான் பார்ப்பாள். தம்பி குடிக்கிறான் என்றால் தலையாட்டுவாள், கிட்டே வர மாட்டாள்.

"வா, நீயும் குடிச்சிக்க."

அவள் என் முகத்தையும் மார்பையும் மாறி மாறிப் பார்த்தாள். மெதுவாக வந்து மடியில் ஏறினாள். வாயை வைக்கவில்லை. நாக்கு நுனியால் ஒருமுறை தொட்டாள். பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு, "கச்சி" என்றாள். கசக்கிறது என்பதை அவள் அப்படித்தான் சொல்வாள்.

"கசக்காதுமா. அம்மா கழுவிட்டேன்."

"கச்சி" என்றாள் மறுபடியும். இறங்கிப் போய் வாசலில் உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு முழுக்க என்னிடம் வரவில்லை. அவள் கேட்டு அழுத மூன்று நாளும் நான் கொடுக்கவில்லை. இப்போது கூப்பிட்டுக் கொடுக்கிறேன், அதுவும் வேறு ஒரு பிள்ளைக்காக. இருபது மாதப் பிள்ளைக்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகு நான் அவளைக் கூப்பிடவில்லை.

பன்னிரண்டாம் நாள் பீய்ச்சும்போது காம்பின் ஓரத்தில் ஒரு துளி நின்றது. மஞ்சளாக, தடித்து. வியர்வையோ என்று விரலில் எடுத்து நக்கிப் பார்த்தேன். பால்தான். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் நான்கு துளி. ஒரு வாரத்தில் கோப்பையின் அடி மறைந்தது. ஒரு மாதத்தில் அவன் குடிப்பதில் பாதி என்னுடையதாக இருந்தது. பாதிக்கு மேல் கடைசிவரை வரவில்லை. மிச்சம் அந்தக் குழாய்தான், அந்த மாவுதான்.

என் சாப்பாடும் மாறியது. நான் மாட்டுப் பால் குடித்தால் அது என் பால் வழியாக அவனுக்குப் போகும் என்றார்கள். பால் கலந்த தேநீரை நிறுத்தி, பாலில்லாத தே ஓ குடித்தேன். மைலோ, தயிர், பிஸ்கட், கேக் எதுவும் தொடவில்லை. ஒருமுறை கோயில் பிரசாதப் பாயசத்தை மறந்து ஒரு வாய் வைத்துவிட்டு, ஓடிப்போய் வாய்க்காலில் துப்பினேன். எல்லாரும் பார்த்தார்கள்.

இரத்தம் நின்றது. தொடையில் மடிப்பு நிரம்பியது. கிளினிக் அட்டையில் அவனுடைய கோடு சிவப்புக் கட்டத்திலிருந்து மேலே வந்தபோது அவனுக்கு நான்கு மாதம். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேனா என்று கேட்டால், இல்லை. அவன் குடிக்கும்போது கண்ணை மேலே தூக்கிப் பார்ப்பான். அது அவளுடைய கண். சரிக்கா, என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்ட அவளுடைய கண். நான் தலையைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்துத்தான் பாதி நேரம் பால் கொடுத்தேன். அம்மா அவனைத் தொடாததைப் பெரிய குற்றமாக மனதுக்குள் வைத்திருந்த நானும் அப்படித்தான் இருந்தேன்.

கிளினிக்கில் ஒருநாள் அந்த ஆஸ்பத்திரி மிஸ்ஸியைப் பார்த்தேன். தன் மகளோடு வந்திருந்தார். பிள்ளையை வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டு மகளிடம், இவன் இந்தப் பெண்ணின் அனாக் சூசுவான் என்றார். பால் குடித்த வகையில் பிள்ளை. "எங்களில் என்றால் ஐந்து தடவை வயிறு நிறையக் குடித்தாலே போதும். இவன் உன் பிள்ளை. நாளைக்கு உன் மகளுக்கு அண்ணன் தம்பி முறைதான்" என்றார். எங்களுக்குள் ஏற்கெனவே அந்த முறைதான் என்று சொன்னேன். வீட்டுக்கு வரும் வழியில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எங்களுக்குள் முறை இருக்கிறது. பெரியம்மா என்ற பேர் இருக்கிறது. ஆனால் பால் கொடுத்ததால் கூடுதலாக எதுவும் இல்லை. யாரும் எதற்கும் கட்டுப்பட்டவர்கள் இல்லை.

தங்கை வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைதோறும் ரஹாங்கிலிருந்து வருவார். பேம்பர்ஸ், பால் மாவு, என் மகளுக்கு ஏதாவது பொம்மை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் பால் கொடுக்க எடுத்தால் எழுந்து வெளியே போய் என் வீட்டுக்காரரோடு நிற்பார். பிள்ளைக்கு ஆறரை மாதம் இருக்கும்போது ஒரு ஞாயிறு, என் வீட்டுக்காரர் கடைக்குப் போயிருந்தார். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அக்கா, ஒங்களுக்கு எப்டி நன்றி சொல்றதுன்னு தெரியல. அவ இருந்தாகூட இவ்ளோ செஞ்சிருப்பாளான்னு தெரியாது. நீங்க ஏன் இவ்ளோ கஷ்டப்படுறீங்கன்னு எங்கம்மாகூட கேட்டாங்க."

அந்த நன்றியை என்னால் தாங்க முடியவில்லை. அதனால் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை போன் வந்தது, தலைவலி, வீக்கம், பூச்சி, லென்ஸ் பொருத்திக்கொண்டிருந்தது, படுத்துத் தூங்கு என்று சொன்னது, எனக்கும் அப்படித்தான் இருந்தது என்று பொய் சொன்னது. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அழவில்லை. அழுதால் அவர் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டிவரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் கேட்டார்.

"எத்தன மணிக்கு?"

"ஒன்னரை இருக்கும்."

"அப்ப நான் ரெஸ்ட்லதான் இருந்தேன். எனக்கு ஏன் போன் பண்ணலன்னு இவ்ளோ நாளா யோசிச்சிக்கிட்டு இருந்தேன்." பிள்ளை பக்கம் திரும்பி, "ஒங்களுக்குப் பண்ணிட்டா, அதான் எனக்குப் பண்ணல" என்றார்.

எழுந்து பிள்ளையை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு தன் அம்மாவோடு வந்தார்.

அந்த அம்மாள் தடி ஊன்றி நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் பிள்ளைக்கு ஒரு புதுத் துண்டு இருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

"நீ செஞ்சத நாங்க மறக்க மாட்டோம்மா. இப்ப எனக்கு முட்டி பரவால்ல. எங்க வீட்டுப் புள்ள, எங்ககிட்ட வளரட்டும். ஒனக்கும் பொம்பளப் புள்ள இருக்கு, அத யாரு பாப்பா?"

"அத்தே, இன்னும் அவன் பால் குடிக்கிறான். பாதி என் பாலுதான்."

"ஏழு மாசம் ஆச்சி. கஞ்சி குடுக்கலாம். அந்த மாவு இருக்குல்ல."

நான் அவரைப் பார்த்தேன். தங்கை வீட்டுக்காரரை. அவர் வாசலில் என் வீட்டுக்காரருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதுதான் காரணமா, அல்லது எப்படியும் கூட்டிப் போயிருப்பார்களா, அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர்தான் பேசினார். "ஒரு மாசமாவது விடுங்க, மெதுவா மாத்தலாம்" என்றார். அந்த அம்மாள், "மாத்தணும்னா இன்னைக்கே மாத்துறதுதான் நல்லது, இழுத்துக்கிட்டே போனா ரெண்டு பேருக்கும் சூசா, கஷ்டம்தான்" என்றார். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. நானும் என் மகளுக்கு அப்படித்தானே ஒரே நாளில் செய்தேன்.

கடைசியாக ஒருமுறை கொடுத்துவிட்டுத் தருகிறேன் என்று உள்ளே எடுத்துப் போனேன். அவன் பசியில்லாமல் விளையாடினான். காம்பைக் கடித்துவிட்டுச் சிரித்தான். அந்த ஒருமுறை நான் சுவரைப் பார்க்கவில்லை. குழாய், பிளாஸ்டர், மாத்திரை, பால் மாவு, கிளினிக் அட்டை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, குழாய் இனி அவர்களுக்குத் தேவையில்லை என்று ஞாபகம் வந்து அதை மட்டும் வெளியே எடுத்தேன்.

இரண்டு தடவை பாலைப் பீய்ச்சி உறையவைத்து, ஐஸ் பெட்டியில் வைத்து என் வீட்டுக்காரர் கெமாஸுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்றாம் தடவை அந்த அம்மாள் வாங்கவில்லை. பிள்ளை இப்போது அதைக் கேட்பதில்லை, கொடுத்தால் ஞாபகம் வந்து அழுகிறான் என்றாராம். என் வீட்டுக்காரர் அந்தப் பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். குளிக்கப் போனார். பால் பைகளை வெட்டி அலம்புதொட்டியில் நானே ஊற்றினேன்.

அதற்குள் மார்பு கல்லாகியிருந்தது. காய்ச்சல் அடித்தது. கையைத் தூக்க முடியவில்லை. என் அம்மா பகாவுக்குப் போய் மல்லிகைப் பூ வாங்கி வந்தார். பால் வற்றுவதற்குப் பூ வைத்துக் கட்டுவது அந்தக் காலத்துத் தோட்டத்துப் பழக்கம். என்னை உட்காரவைத்து, பூவை மார்பில் பரப்பி, பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டினார்.

"நான் அவன ஒருவாட்டி தூக்கியிருக்கலாம்" என்றார் அம்மா.

"தூக்கியிருக்கலாம்" என்றேன். அம்மா முடிச்சுப் போட்டுவிட்டு எழுந்து போனார்.

இரண்டு நாள் அந்தக் கட்டோடு கிடந்தேன். பூ வெந்து, பாலில் ஊறிப் புளித்து நாறியது. மாமியார் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடத் தலையில் மல்லிகை வைக்க எனக்கு அதன் பிறகு முடிந்ததில்லை. பத்துப் பதினைந்து நாளில் பால் நின்றுவிட்டது. அதை வரவைக்கப் பட்ட பாட்டோடு பார்த்தால், போவதற்கு ஒன்றுமே ஆகவில்லை.

போன் விஷயத்தை என் வீட்டுக்காரரிடம் பிறகு சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "எங்கிட்ட சொல்லாம அவர்கிட்ட மொதல்ல சொன்னியா" என்று மட்டும் கேட்டார். சில மாதம் எங்களுக்குள் பேச்சு குறைவாக இருந்தது. பிறகு சரியானது. அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொல்லாமலேயே போன வருஷம் அம்மாவும் போய்விட்டார்.

தங்கை வீட்டுக்காரர் மறுகல்யாணம் செய்துகொண்டு கெமாஸிலேயே இருக்கிறார். பொறுமையான பெண். தங்கைக்குத் திதி கொடுத்த அன்று நாங்கள் போயிருந்தோம். பிள்ளைக்கு மூன்று வயது முடிந்திருந்தது. ஒல்லி, ஆனால் நோய்நொடி இல்லாமல் இருந்தான். அந்தப் பெண் சமையலறையில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, இவனுக்கு மாட்டுப் பாலு ஆகாதுன்னு அத்தை சொன்னாங்க. இப்பவும் ஆகாதா? கிண்டர்கார்டன்ல மைலோ குடுக்குறாங்களாம்."

"பெரிசானா சரியாயிடும்னு டாக்டரு சொன்னாரு. நீங்களா குடுக்காதீங்க, ஒருதடவ காட்டிட்டுக் குடுங்க."

"ஒங்கள அவன்கிட்ட என்ன சொல்லிக் கூப்பிடச் சொல்றது? அவரு ஒன்னும் சொல்லல."

"பெரியம்மான்னு சொல்லச் சொல்லுங்க."

அவள் அவனைக் கூப்பிட்டு, பெரியம்மாவுக்கு வணக்கம் சொல்லு என்றாள். அவன் அவள் இடுப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரு கையை மட்டும் நெற்றிக்குக் கொண்டுபோனான். வேற்றாளைப் பார்த்தால் பிள்ளைகள் செய்வதுதான். என் மகள் அவனை வெளியே கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு பேரும் வெயிலில் ஒரு ரப்பர் பந்தைச் சுவரில் அடித்து விளையாடினார்கள். நானும் அந்தப் பெண்ணும் இலை போடுவதற்காக வாழை இலைகளைத் துடைத்து அடுக்கினோம்.